பிஸ்கட் நிறத்தோடு 14 மாதங்கள்

2025-ஆம் ஆண்டின் நிறமாக ‘மோக்கா மூஸ்’ என்னும் இளம் பழுப்பை, நிறங்களுக்குத் தரம் வகுக்கும் பேன்டோன் நிறுவனம் அறிவித்திருந்தது. அந்த ஆண்டு சித்திரைத் திருவிழாவுக்கு முன் மதுரை விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கப் போனபோது, பிஸ்கட் நிறம், சந்தன நிறம், பால்காபி நிறம் என்று அதன் உறவுகள் எல்லாம் அடுக்குகளில் உட்கார்ந்திருந்தன. நான் பள்ளி ஆசிரியை; வாரத்தில் ஐந்து நாள் சேலைதான். இந்த நிறக் குடும்பத்தில் மூன்று பருத்திச் சேலைகளும் ஒரு குர்தாவும் எடுத்தேன். எதுவும் 900 ரூபாயைத் தாண்டவில்லை. அவற்றை 14 மாதம் உடுத்தித் துவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

குர்தாவை முதலில் சொல்லிவிடுகிறேன். பாலியெஸ்டர் கலந்த துணி, 500 ரூபாய். கடையின் டியூப் லைட்டில் நல்ல பால்காபியாகத் தெரிந்தது, வீட்டு வாசலில் சாம்பல் பூத்த பழுப்பாகிவிட்டது. நான்காம் துவையலில் கைக்கடியில் நூல் உருண்டை உருண்டையாகத் திரண்டது. பூப்போட்ட துணியாக இருந்தால் அது கண்ணில் பட்டிருக்காது. இந்த நிறத்தில் கண்ணுக்கு வேறு வேலை இல்லை. நேராக இழைக்கும் தையலுக்கும் சுருக்கத்துக்கும் போய்விடுகிறது. விலை உயர்ந்த தோற்றத்தைக் கொடுப்பதும் கெடுப்பதும் அந்த மூன்றுதான். அதன் பிறகு எந்தத் துணியையும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் கன்னத்தருகே பிடித்துப் பார்க்காமல் வாங்குவதில்லை. என் தோல் நிறத்தோடு அப்படியே ஒட்டிப்போகும் பழுப்பு முகத்தைச் சோர்வாகக் காட்டுகிறது. ஒரு படி கூடினாலோ குறைந்தாலோ முகம் தெளிகிறது.

சேலைகளில் என் மனத்துக்கு நெருங்கியது 780 ரூபாய்க்கு எடுத்த பால்காபி நிறச் சேலை. அதற்கு மேட்ச் ரவிக்கை எடுக்கவில்லை. இரண்டு படி அடர்த்தியாக, டிக்காஷன் நிறத்தில் எடுத்தேன். தையல்காரரிடம் உள்துணியையும் அதே நிறத்தில் பருத்தியாகவே வைக்கச் சொன்னேன். கழுத்தோரம் வெள்ளை லைனிங் எட்டிப் பார்த்தால் அத்தனை அழகும் போய்விடும். தைக்க 350 ரூபாய் ஆனது. சேலை விலையோடு பார்த்தால் அதிகம்தான், ஆனால் கொடுத்த பணத்தில் மிகவும் பயன்பட்டது அதுவே. தோள் கச்சிதமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, சக ஆசிரியை ஒருவர் சேலை இரண்டாயிரம் இருக்குமா என்று கேட்டார். டிக்காஷன் நிறத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. மதுரை வெயிலில் வியர்வை ஈரம் இளம் பழுப்பில் திட்டாகத் தெரியும், அடர்ந்த ரவிக்கையில் தெரிவதில்லை.

அம்மாவுக்கு மட்டும் இந்த நிறம் பிடிக்கவில்லை. “நல்ல நாளும் அதுவுமாக இப்படி வெளுத்துப்போன நிறத்தையா உடுத்துவாய்?” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. நம் விசேஷ வீடுகளில் மஞ்சளும் அரக்கும்தான் மங்கலம். ஆகவே உறவினர் வீட்டு வளைகாப்புக்கு, அரக்குக் கரை வைத்த காபி நிறச் சுங்குடியைக் கட்டிக்கொண்டு, இரண்டு முழம் மல்லிகை வைத்துக்கொண்டேன். பழுப்புக்குப் பக்கத்தில் மதுரை மல்லியின் வெண்மை எடுப்பதுபோல் எந்த நகையும் எடுக்காது. கழுத்தில் மெல்லிய சங்கிலி, வேறொன்றும் இல்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, புகைப்படத்தை மட்டும் தன் கைபேசிக்கு அனுப்பச் சொன்னார். சுங்குடியில் ஒரு எச்சரிக்கை: இப்போது அச்சுப் புள்ளிகளும் அந்தப் பெயரிலேயே விற்கின்றன. நூலால் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றியதில் புள்ளிகள் ஒன்றுபோல் இருக்காது. அந்த ஒழுங்கின்மையே அதன் மதிப்பு.

பராமரிப்பில் கற்றுக்கொண்டது ஏராளம். வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டுநீலத்தை இந்த நிறத்தின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. நீலம் மஞ்சளை அடக்குவது. சந்தன நிறத்துக்கு உயிரே மஞ்சள்தான். பளிச்சென்ற வெண்மை தரும் சோப்புத்தூளும் அப்படியே நிறத்தை மாற்றும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு நீர் என்பதால், கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீர்க் குழாய்த் தண்ணீரை எடுத்துவைக்கிறேன். வடிகஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, நீர்க்கக் கலந்து போட வேண்டும், இல்லாவிட்டால் பழுப்பில் வெள்ளைத் திட்டுகள் நிற்கும். தெருமுனைத் தேய்ப்பு வண்டியில் கொடுத்து வாங்குவதை நான் செலவாக நினைப்பதில்லை. கசங்கிய பிஸ்கட் நிறத்தைப் பார்த்தால் பழைய துணி என்றே தோன்றும்.

சந்தன நிறச் சேலையைப் பள்ளிக்குக் கட்டுவதை நிறுத்திவிட்டேன். பஸ் பயணத்தில் கீழ்க்கரை புழுதியைத் தாங்கவில்லை. பால்காபிச் சேலையை மொட்டை மாடியில் ஒரே மடிப்பில் பலமுறை காயப்போட்டதில், கொடிக்கயிறு பட்ட இடம் ஒரு பட்டையாக வெளுத்துவிட்டது. நிழலில், உட்புறம் வெளியே தெரியும்படி உலர்த்தியிருக்க வேண்டும். இழை இன்னும் கெட்டியாகவே இருக்கிறது. இப்போதைக்கு அந்தப் பட்டையைக் கொசுவத்துக்குள் வைத்துக் கட்டுகிறேன். மழைக்காலத்துக்கு முன் சாயம் போடுபவரிடம் கொடுத்து, சேலை முழுவதையும் டிக்காஷன் நிறத்துக்கு ஏற்றிவிட நினைக்கிறேன்.