கதவு பளபள, கூரை சுண்ணாம்பு: வீட்டில் அடித்த பெயிண்டுடன் மூன்று வருடம்

எங்கள் மாருதி 800-இன் கதவில் இன்றைக்கும் முகம் பார்த்துத் தலை சீவலாம். 2022 தை மாதத்தில் வீட்டுக் கொட்டகையில் நானே அடித்த வெள்ளை. அதற்கு முன் நான் பெயிண்ட் தூவும் ஸ்ப்ரே கன்னைக் கையில் எடுத்ததே கிடையாது. கூரைக்கும் அதே டப்பா வெள்ளைதான், பெயிண்டை இறுக வைக்கக் கலக்கும் அதே ஹார்டனர், அதே கன். ஆனால் கூரையை ஈரத்துணியால் துடைத்தால் துணி வெளுத்து வருகிறது. விரலால் தேய்த்தால் சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்த மாதிரி ஒட்டுகிறது. இரண்டுக்கும் நடுவில் மாறியது, பெயிண்டை இளக்கக் கலக்கும் தின்னர் மட்டும்.

கூடப் படித்த நண்பன் ஒருவன் தன் ஆம்னிக்கு முழு பெயிண்ட் அடிக்கப் பட்டறையில் விசாரித்திருக்கிறான். 40,000 ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். என் வண்டிக் கதவைப் பார்த்துவிட்டு, "நானும் வீட்டுலயே அடிச்சிரட்டுமா?" என்று கேட்கிறான். கூரையை அவன் பார்க்கவில்லை. அவனுக்குச் சொல்ல உட்கார்ந்தேன், எழுதும் அளவுக்கு நீண்டுவிட்டது.

என் வண்டிக்கு டூ-கே வெள்ளை, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கிற பெயிண்ட். மேலே க்ளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சு தேவைப்படாத சாலிட் நிறம். முதல் தடவை அடிப்பவர்களுக்கு இதைவிடத் தோதான நிறம் இல்லை. மெட்டாலிக் என்றால் கன் ஒரு இடத்தில் கூடுதலாக நின்றாலே மேகம் மேகமாகத் தெரியும். வெள்ளையில் தூசி விழுந்தாலும் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டுத் தேய்க்கும் 2000 நம்பர் உப்புத்தாளால் (வாட்டர் பேப்பர்) தட்டிவிட்டு, பாலிஷ் காம்பவுண்ட் போட்டுப் பளபளப்பை ஏற்றிவிடலாம். நிறம் 26யூ, சுப்பீரியர் ஒயிட். கோடு சொன்னால் கடையில் கலக்கிக் கொடுத்துவிடுவார்கள். 800 சின்ன வண்டி, வெளிப்புறத்துக்கு மட்டும் இரண்டு லிட்டர் வண்ணம் போதுமானதாக இருந்தது. பழைய நிறத்தையே அடித்ததால் ஆர்.சி. புத்தகத்தில் கை வைக்க வேண்டியதில்லை. நண்பன் வேறு நிறம் மாற்ற நினைக்கிறான், அப்படியென்றால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து ஆர்.சி.யில் ஏற்றியாக வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் பெயிண்ட் அடித்ததில் இல்லை, பேப்பர் போட்டதில், அதாவது உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கியதில்தான். வேலையில் பெரும்பங்கு அதுதான், அடிப்பது கடைசியில் ஒன்றிரண்டு காலைப்பொழுதில் முடிந்துவிடும். தூத்துக்குடியில் கடற்கரை ஓரம் வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், துரு எங்கே பிடிக்கும் என்று: பின் சக்கரத்து வளைவு, டிக்கியின் அடி மடிப்பு, கதவின் கீழ்த் தையல். பழைய பெயிண்ட் கொப்புளித்திருந்த இடத்தைச் சுரண்டினால் உள்ளே பழுப்புப் பொடி. தகரம் வெள்ளி தெரியும்வரை தேய்த்து, எப்பாக்சி பிரைமர் என்கிற அடிப்பூச்சு போட்டு, அதன்மேல் பள்ளத்தை நிரப்பப் பட்டி பார்த்து, மறுபடி பிரைமர். அந்த இடங்களில் இன்றுவரை ஒரு கொப்புளம்கூடக் கிளம்பவில்லை. உப்பளத்துக் காற்றில் மூன்று வருடம் நிற்கிற வண்டிக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

பேப்பர் போடக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் வயதான பெயிண்டர். பட்டறை வேலையை விட்டுவிட்டார், ஆனால் எந்த வண்டி போனாலும் அவர் கண் பானெட்டைத் தடவிவிட்டுத்தான் திரும்பும். "தம்பி, அழுத்தித் தேய்க்காத. தண்ணிய ஊத்திக்கிட்டே தடவு. தண்ணி வத்துச்சுன்னா கோடு விழும் பாத்துக்க" என்றார். அவர் காட்டிய ஒரு வித்தையை யாருக்கும் சொல்லாமல் இருக்க முடியாது. சாம்பல் நிறப் பிரைமர் காய்ந்ததும், அதன்மேல் கறுப்பு பெயிண்டைத் தள்ளி நின்று புகை மாதிரி லேசாகத் தூவிவிட வேண்டும். பிறகு பேப்பரை ஒரு தட்டையான ரப்பர் கட்டையில் சுற்றி, 600 நம்பரில் தண்ணீர் விட்டுத் தடவ வேண்டும். மேடான இடத்தில் கறுப்பு உடனே போய்விடும். பள்ளத்தில் கறுப்பு அப்படியே நிற்கும். இடது கதவு சமமாக இருக்கிறது என்று நான் சத்தியம் செய்திருப்பேன். கைப்பிடிக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் திட்டு நின்றது. எப்போதோ யாரோ சைக்கிளைச் சாய்த்த பள்ளம். கண்ணுக்கும் விரலுக்கும் தெரியாதது அந்தக் கறுப்பில் தெரிந்தது. கொஞ்சம் பட்டி, மறுபடி பிரைமர், மறுபடி கறுப்பு, மறுபடி பேப்பர். கதவு முழுக்க ஒரே சாம்பலாக வந்த அந்தக் காலைப்பொழுதை நான் மறக்கவே மாட்டேன்.

நாள் பார்ப்பதும் முக்கியம். ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று மண்ணை வாரி இறைக்கும். இங்கே தை, மாசிதான் அடிக்க ஏற்ற காலம். அதிலும் காலையில் பனி ஈரம் விட்ட பிறகு, கடல்காற்று எழும்புவதற்கு முன். தரையை நனைத்துவிட்டால் தூசி எழாது. கம்ப்ரசர் டாங்கின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீரை வடிக்காமல் கன்னைத் தொடக்கூடாது. நம் ஊர் ஈரக் காற்றில் டாங்கில் அவ்வளவு தண்ணீர் சேர்கிறது. ஹார்டனரும் தண்ணீரும் சேர்ந்தால் கரியமில வாயு கிளம்பி பெயிண்டில் பொடிப்பொடிக் குமிழ் விடும்.

சரி, தின்னருக்கு வருகிறேன். இதைப் பேச ஆரம்பித்தால் எனக்குக் குரல் உயர்ந்துவிடும்.

கடையில் டூ-கே பெயிண்ட் வாங்கும்போது அதற்கென்றே உள்ள பி.யூ. (பாலியூரித்தேன்) தின்னரைத் தெளிவாகக் கேட்டேன்: "அண்ணாச்சி, இதுக்குப் போடுற பி.யூ. தின்னர் தாங்க." உள்ளே போய் பெரிய டின்னிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கேனில் ஊற்றிக் கொண்டுவந்தார். மூடியில் பேர் இல்லை, லேபிள் இல்லை. "எல்லாரும் இதான் வாங்குறாவ" என்றார். முதல் நாள் கூரையை அந்தத் தின்னரில் அடித்தேன். அன்று பார்க்க நன்றாகவே இருந்தது, அதுதான் இதில் உள்ள மோசம். அந்தக் கேன் கூரையோடு தீர்ந்துவிட்டது, அடியில் கொஞ்சம்தான் மிச்சம். மறுநாள் அந்தக் கடை அடைத்திருந்ததால் வேறு கடையில் கம்பெனி சீல் உடையாத டின்னை வாங்கி மற்ற பக்கங்களை எல்லாம் அடித்தேன். விலை நன்றாகவே கூடுதல்.

சித்திரை வெயில் ஏறியபோதே கூரை மங்கிவிட்டது. பெயிண்டரிடம் மிச்சத் தின்னரைக் கொண்டுபோனேன். மூடியைத் திறந்து கையை லேசாக வீசி முகர்ந்தார். "இது என்.சி.ல்லா! பி.யூ.ன்னா சொல்லிக் குடுத்தாவ?" என்றார்.

டூ-கே பெயிண்ட் வெறுமனே காய்வது இல்லை. பெயிண்டில் இருக்கும் பிசினும் ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட்டும் ஒன்றோடு ஒன்று கோத்துக்கொண்டு இறுகுகின்றன. இறுகிய பிறகு பெட்ரோல் பட்டாலும் கரையாது. என்.சி. தின்னர் நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டுக்கு உள்ளது. அதைக் கரைக்க வசதியாக ஆல்கஹால் வகைகளும் சேர்த்திருப்பார்கள். அந்த ஆல்கஹாலோடும் ஐசோசயனேட் கோத்துக்கொள்ளும். பிசினுக்குப் போக வேண்டிய ஹார்டனரைத் தின்னர் தின்றுவிடுகிறது. மேலே பளபளப்பு, உள்ளே அரைவேக்காடு. வெயில் அந்தப் பிசினை அரித்ததும் வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு பிடிப்பு இல்லாமல் பொடியாக மேலே வருகிறது. (மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் எடுக்கிறார்களே இல்மனைட், அதிலிருந்து செய்கிற பொருள்தான் இது.)

சந்தேகம் தீர இரண்டு தகர மூடிகளில் அதே வெள்ளையை, ஒன்றில் அந்தத் தின்னர், இன்னொன்றில் சீல் டின் தின்னர் கலந்து அடித்து மொட்டைமாடியில் போட்டுவைத்தேன். கொஞ்ச நாள் கழித்து இரண்டையும் தின்னர் நனைத்த துணியால் அழுத்தித் தேய்த்தேன். சீல் டின் மூடியில் துணி சுத்தமாக வந்தது. மற்றதில் வெள்ளை வழவழவென்று துணியோடு வந்துவிட்டது. வண்டியிலும் கதவையும் கூரையையும் அதே மாதிரி தேய்த்துப் பார்த்தேன், அதே விடை.

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. தின்னர் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் இரும்புக் கதவுக்கும் பீரோவுக்கும் அடிக்கிறவர்கள். அவர்களுக்கு என்.சி. தின்னரே போதும், சல்லிசும்கூட. அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று கேட்பவனுக்கு ஐந்து லிட்டர் டின்னை உடைத்துத்தான் கொடுக்க முடியும். எல்லாம் புரிகிறது. ஆனால் நான் பெயரைச் சொல்லிக் கேட்டேன். இல்லை என்றால் இல்லை என்று சொல்லியிருக்கலாம். போய்க் கேட்டதற்கு, "வெயில்ல நிப்பாட்டிருப்பீய" என்று பதில் வந்தது. காரை வெயிலில் நிறுத்தாமல் எங்கே நிறுத்துவது? அதே வெயிலில்தானே கதவும் நிற்கிறது?

கூரையைச் சரிசெய்வது லேசுப்பட்ட காரியமும் இல்லை. அரைவேக்காட்டுப் பெயிண்டின் மேல் புதுசு அடித்தால் புதுத் தின்னர் அடியில் இறங்கி மேல்தோல் சுருங்கிக்கொள்ளும். கூரையைப் பிரைமர்வரை முழுக்கக் கழற்ற வேண்டும். அவ்வளவு பாடுபட்டுப் பேப்பர் போட்ட இடம் அது. வண்டி கழுவும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரிகிறது.

இன்னொன்றும் இருக்கிறது, கோபத்துக்கு அப்பாற்பட்டது. டூ-கே புகையில் இருக்கும் அந்த ஐசோசயனேட் மூச்சில் போனால் சிலருக்கு ஆஸ்துமாவே வந்துவிடும். ஒரு தடவை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால் பிறகு துளி பட்டாலும் இழுக்கும். பெரிய பட்டறைகளில் வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்று வரும் முகமூடி போட்டுத்தான் அடிப்பார்கள். கரி வடிகட்டி வைத்த முகமூடி அதற்கு ஈடாகாது, வடிகட்டி தீர்ந்துபோனதை வாசனையை வைத்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. கர்ச்சீப்பைக் கட்டிக்கொண்டு அடிப்பவர்களைப் பார்க்கும்போது பதறுகிறது. எங்கள் பெயிண்டர் இப்போது மாடிப்படி ஏறினால் நடுவில் நின்றுதான் ஏறுகிறார். பெயிண்டால்தானா என்று நான் சொல்ல முடியாது, ஆனால் வாழ்நாள் முழுக்க அவர் மூக்கில் கட்டியது துண்டுதான்.

மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் கணக்கு எனக்குச் சாதகம்தான். பட்டறை கேட்கும் காசில் பாதிகூட ஆகவில்லை. கதவு, பானெட், டிக்கி மூன்றும் பட்டறை வேலைக்குச் சளைத்தது இல்லை. துரு திரும்பவில்லை. பேப்பர் போடக் கற்றுக்கொண்டது சொத்து. இத்தனைக்குப் பிறகும் நண்பனிடம் நான் சொல்லப்போவது, வேண்டாம்டா என்றுதான். அவன் வீட்டில் மூன்று மாதக் கைக்குழந்தை, கொட்டகையும் வீட்டோடு ஒட்டியது. காசைப் பார்த்தால் துரு சுரண்டி, பட்டி பார்த்து, பேப்பர் போடுவதுவரை நாங்கள் இருவரும் சேர்ந்து முடித்துவிடலாம். கூலியில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது. கன் பிடிக்கிற வேலையை மட்டும் காற்றுக்குழாய் முகமூடி இருக்கிற பட்டறையில் கொடுத்துக்கொள்ளட்டும். தின்னரை அவனே வாங்கிக் கொண்டுபோய்க் கொடுக்கட்டும், பெயிண்ட் எந்தக் கம்பெனியோ அதே கம்பெனி, சீலைப் பட்டறையில் வைத்து அவன் கண் முன்னால்தான் உடைக்க வேண்டும். என் ரப்பர் கட்டைகளையும் மிச்சமிருக்கும் 600 நம்பர் பேப்பரையும் ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன்.