மீல்மேக்கருக்கு மாற்று: இடிச்சக்கையா, பயறா?

எங்கள் வீடு சைவம். வீட்டுக்காரிக்குச் சோயா ஆகாது என்று டாக்டர் உறுதியாகச் சொல்லிவிட்டார். மீல்மேக்கர் குருமா ரெண்டு கரண்டி உள்ளே போனாலே உடம்பெல்லாம் தடித்து அரிக்கும். மகளோ கல்லூரிக்குப் போனதிலிருந்து பால், தயிர், நெய் எதையும் தொடுவதில்லை. ஆக, மீல்மேக்கரும் டோஃபுவும் ஒருத்திக்கு ஆகாது, பனீர் இன்னொருத்திக்கு ஆகாது. சமையல் பெரும்பாலும் என் பொறுப்பு. ரெண்டு பேருக்கும் ஒரே சட்டியில் ஆக்க வழி தேடியதில் கடைசிவரை நின்ற போட்டியாளர்கள் இடிச்சக்கையும் (அதாவது பிஞ்சுப் பலாக்காய், எங்கள் ஊரில் பலா என்றால் சக்கை) பயறு வகைகளும்தான். நாங்கள் பயறுக்குப் போய்விட்டோம். ஏன் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன், அதனால் தராசு ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும்.

மற்றவற்றை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். காளான் ருசிதான், ஆனால் வாங்கிய மறுநாளே கறுக்க ஆரம்பிக்கும், 100 கிராமில் புரதம் 3 கிராம் அளவுக்குத்தான் தேறும், போதாததற்கு எங்கள் அம்மா காளான் வெந்த சட்டியைத் தொடமாட்டாள். கோதுமைப் பசையில் செய்கிற செய்தான் என்ற சமாச்சாரத்தை மகள் வெளியூரில் ஒருமுறை சாப்பிட்டிருக்கிறாள், நான் செய்து பார்த்ததில்லை. விலையைப் பொறுத்தவரை மீல்மேக்கரை யாராலும் ஜெயிக்க முடியாது, அதைப் பேசிப் பயனில்லை.

இடிச்சக்கை எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் தேடி அலைய வேண்டிய பொருள் இல்லை. கல்குளம், விளவங்கோடு பக்கம் விளைக்கு, அதாவது தோப்புக்கு, ரெண்டு மரமாவது நிற்கும். தை பிறந்ததும் பிஞ்சு தெரியும். ஒரே காம்பில் நெருக்கியடித்துக் காய்த்ததில் சிலவற்றைப் பறித்துவிட்டால் மற்றவை நன்றாகப் பெருக்கும் என்பதால், மரம் வைத்திருப்பவர்கள் கேட்டாலே தந்துவிடுவார்கள். கேரளம் 2018-ல் சக்கையை மாநிலப் பழமாக அறிவித்தது. பண்ருட்டியைக் கையில் வைத்திருக்கும் தமிழ்நாட்டுக்கும் அதுவே மாநிலப் பழம். பிஞ்சுச் சக்கையை இறைச்சிக்கு மாற்று என்று வெளிநாட்டுக்காரர்கள் கொண்டாடுவதும் உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அந்தக் கொண்டாட்டத்தில் பாதி நியாயம். மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்து, அம்மியில் லேசாக இடித்தால் இழை இழையாகப் பிரியும். தேங்காய், சீரகம், பூண்டு, பச்சைமிளகாய் கொரகொரப்பாக அரைத்துப் போட்டுத் துவரன் (தேங்காய்ப் பொரியல்) வைக்கலாம். துண்டாகவே விட்டு, தேங்காயும் மல்லியும் நல்லமிளகும் கறுக்க வறுத்து அரைத்த குழம்பில் போட்டால், அசைவம் சாப்பிடுகிற விருந்தாளி ஒரு நொடி நின்று இலையைப் பார்ப்பார். பல்லில் அகப்படுகிற அந்தக் கடியில் மீல்மேக்கரை விடச் சக்கை ஒரு படி மேல்.

வேலைதான் கொஞ்சம் முரடு. கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் தடவாமல் அறுத்தால் பால் ஒட்டிக்கொண்டு சோப்புக்கும் அசையாது. அடியில் பழைய பேப்பர், பக்கத்தில் துணி, வடிகிற பாலை முதலில் துடைத்துவிட்டுத்தான் தண்ணீர் காட்ட வேண்டும். காலையில் எட்டு மணிக்குப் பஸ் பிடிக்கிற வீட்டில் இதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை விவகாரம்.

ஆனால் எங்களைத் திருப்பியது வேலை இல்லை, புரதம். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாற்று தேடுகிற பலரும் கடியைத்தான் பார்க்கிறார்கள். மீல்மேக்கர் என்பது எண்ணெய் எடுத்த சோயா மாவை அழுத்தி உப்ப வைத்த உருண்டை. 100 கிராமில் சுமார் 52 கிராம் புரதம். ஒரு ஆளுக்கு 25 கிராம் ஊறப்போட்டாலே 13 கிராம் கிடைத்துவிடும். அதை எடுத்துவிட்டு இடிச்சக்கையை வைத்தால் என்ன ஆகும்? பிஞ்சுச் சக்கையில் 100 கிராமுக்கு ரெண்டு, மூணு கிராம்தான். அதே 13 கிராமுக்கு ஒரே ஆள் அரைக்கிலோ சக்கை தின்ன வேண்டும். நார்ச்சத்து நிறைய இருப்பதால் வயிறு நிறைந்த மாதிரி தெரியும், பதினோரு மணிக்கு மகள் டப்பாவில் என்ன மிச்சம் என்று தேடுவாள். நாம் தட்டிலிருந்து எடுத்தது பருப்புக் கணக்கு, வைத்தது காய்க் கணக்கு.

பயறில் அந்தக் கணக்கு நேராகிவிடுகிறது. காணம் (கொள்ளு), பெரும்பயறு (தட்டைப்பயறு), சிறுபயறு (பாசிப்பயறு) எல்லாமே உலர்ந்த நிலையில் 100 கிராமுக்கு 22 முதல் 24 கிராம் வரை. ஆளுக்கு 60 கிராம் ஊறப்போட்டால் அதே 13, 14 கிராம் வந்துவிடும். வெந்தபின் அது ஒரு கிண்ணம் அளவுதான், யாரும் திணறாமல் சாப்பிடலாம். இன்னொன்று, புரதத்தை ஆக்குகிற அமினோ அமிலங்களில் லைசின் அரிசியில் குறைவு, பயறில் தாராளம். மெத்தியோனின் என்ற இன்னொன்று பயறில் குறைவு, அரிசி அதை ஈடுகட்டும். கஞ்சியும் பயறும், புட்டும் பயறும் பப்படமும் என்று நம்மூர்க்காரர்கள் ஜோடி சேர்த்தது இந்தக் கணக்கெல்லாம் தெரிந்தா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான், ஆனால் ஜோடி சரியாகவே விழுந்திருக்கிறது.

பால் தொடாதவர்களுக்கும் இங்கே பெரிய சிரமமில்லை. தடியங்காயும் (வெண்பூசணி) பெரும்பயறும் போட்டுத் தேங்காய்ப்பாலில் முடிக்கிற ஓலன், உள்ளித் தீயல், காணத்துவையல், தயிருக்குப் பதில் மாங்காய் போட்ட அவியல், எதிலும் பால் பொருள் கிடையாது. மகள் குடிப்பது பால் விடாத கட்டன்சாயா, அதனால் சோயா பாலுக்கு மாற்று தேடுகிற தலைவலியும் மிச்சம். பி12 மட்டும் பயறிலும் இல்லை, சக்கையிலும் இல்லை. அதற்கு டாக்டர் எழுதிய மாத்திரைதான்.

பயறில் சங்கடம் இல்லாமல் இல்லை. முந்தின இரவே முடிவெடுத்து ஊறப்போட வேண்டும். காணத்தில் கல் பொறுக்காமல் இறங்கினால் பல் போகும். பெரும்பயறு ஊறியிருந்தால் குக்கரில் மூணு விசில், காணத்துக்கு அதன் இரட்டிப்பு. பழைய சரக்கு எத்தனை விசில் விட்டாலும் விறைத்தே நிற்கும், அதனால் வியாபாரம் ஓடுகிற கடையாகப் பார்த்து வாங்குவது முக்கியம். வடசேரி சந்தையில் நான் வாங்குகிற ஆச்சியிடம் தயங்கி நின்றால், “வாயில போட்டுக் கடிச்சுப் பாரு மக்களே, பழசுன்னா பேசாம வச்சிட்டுப் போ” என்பாள். வாயு என்று பயப்படுகிறவர்கள் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவைத்து, பூண்டும் பெருங்காயமும் தாராளமாகப் போட்டால் பெருமளவு குறையும். காணம் சூடு என்பதால் பங்குனி, சித்திரையில் நாங்கள் சிறுபயறுக்கு மாறிவிடுவோம். சூடு என்பது அம்மாவின் தீர்ப்பு, நான் எதிர்த்துப் பேசுவதில்லை.

சரி, குருமாவிலும் பிரியாணியிலும் மீல்மேக்கர் இருந்த இடத்தில் பயறைக் கொட்டினால் குழைந்து போகுமே என்றால், உண்மைதான். அங்கே கடலைப்பருப்பு உருண்டைதான் கைகொடுக்கிறது. பருப்பை ரெண்டு மணி நேரம் ஊறவைத்துத் தண்ணீரைச் சுத்தமாக வடித்து, வத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்த்துக் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். தண்ணீர் விடவே கூடாது. மிக்ஸி சுற்ற மறுத்தால் நிறுத்தி நிறுத்தி, கரண்டியால் கிளறிவிட்டு ஓட்டலாம். அங்கங்கே முழுப்பருப்பு நிற்பது நல்லது. எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி, இட்லித் தட்டில் வேகவைத்து, முழுக்க ஆறவிட்டபின் ரெண்டாகக் கீறித் தேங்காயெண்ணெயில் முறுக விட வேண்டும். சூட்டோடு கீறினால் உதிரும். குருமா கொதித்து இறக்குகிற நேரத்தில் போட்டு மூடிவிட்டால் சாறு உள்ளே இறங்கும், உடையாது. கடி சக்கை அளவுக்கு வராது, புரதம் வந்துவிடும். மீந்தால் மறுநாள் உதிர்த்துத் தேங்காயோடு துவரன் ஆக்கலாம்.

சக்கையை நாங்கள் ஒரேயடியாகத் தள்ளிவிடவில்லை. விருந்தாளி வந்தால், மாசி மாதத்தில் யாராவது பிஞ்சு தந்தால், வறுத்தரைத்த குழம்புதான். அதோடு ஒரு பிடி பெரும்பயறையும் வேகவைத்துச் சேர்த்துவிடுவேன். சீசன் முடிகிற நேரம் சக்கைக்கொட்டை கிடைக்கும், அதில் புரதம் சுளையை விட நன்றாகவே உண்டு; மாங்காயும் முருங்கைக்காயும் சேர்த்துக் குழம்பு வைத்தால் மகள் ரெண்டாம் முறை சோறு கேட்பாள். டின்னில் அடைத்து விற்கிற பிஞ்சுச் சக்கையை நான் சமைத்ததில்லை, வெளியூரில் இருப்பவர்களுக்கு அது தோதுப்படலாம்.

ஒவ்வாமைக்காக மாறுகிறவர்கள் கவனிக்க: சோயாவும் பயறு குடும்பம்தான். சோயா ஆகாதவர்களில் பெரும்பாலானோருக்கு மற்ற பயறுகள் ஒத்துக்கொள்ளும், எல்லோருக்கும் அப்படி இல்லை. நான் பேசுவது எங்கள் வீட்டு ஒருத்தியை வைத்து. அதே குடும்பத்து நிலக்கடலையும் சேராது என்றால் டாக்டரைக் கேட்காமல் காணத்தில் கைவைக்க வேண்டாம்.

கடையில் வாங்குவதற்கும் ஒரு வார்த்தை. பால், முட்டை இல்லை என்று காட்டுகிற வீகன் முத்திரை இருந்தால் சோயா இல்லை என்று அர்த்தமில்லை. உறைய வைத்த வீகன் கபாப், நக்கெட் வகைகளில் பலவற்றுக்கு அடிப்படையே சோயாதான். 2020-ம் ஆண்டின் லேபிள் விதிகளின்படி சோயா இருந்தால் பாக்கெட்டில் ஒவ்வாமைப் பொருளாகத் தனியே எழுத வேண்டும், அந்த வரியைத் தேடுங்கள். சாக்லேட், பிஸ்கட்டில் லெசித்தின் என்றோ 322 என்றோ இருந்தால் அது சோயாவிலிருந்து வந்ததாக இருக்கலாம். நன்றாகச் சுத்திகரித்த சோயா எண்ணெயில் புரதம் அநேகமாக இருக்காது, இருந்தாலும் வீட்டில் தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் இருக்கும்போது அந்தச் சோதனை எங்களுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். பேக்கரியிலும் சைனீஸ் கடையிலும் லேபிள் கிடையாது, ஃபிரைடு ரைஸில் சோயா சாஸ் கட்டாயம் விழும். அங்கே வீட்டுக்காரி எலுமிச்சை ஜூஸோடு நிறுத்திக்கொள்வாள்.