பல் பயத்துக்குச் சிரிப்பு வாயுவா, மாத்திரையா, ஊசியா?

“மயக்கம் கொடுத்து எடுத்துடுவீங்களா?” பல் கிளினிக் வரவேற்பறையில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அந்த ‘மயக்கம்’ என்ற ஒரே சொல்லுக்குள் வாயு, மாத்திரை, நரம்பு ஊசி, முழு மயக்கம் என்று நான்கு சேவைகள் அடங்கிக் கிடக்கின்றன. நான்குக்கும் விலை வேறு, ஆபத்து வேறு. முதல் மூன்றில் எதை எடுத்தாலும் ஈறு மரத்துப்போகும் ஊசி தேவைப்படும். அந்த ஊசியைப் போடவே விடாத பயத்தை இறக்கி வைப்பதுதான் இவற்றின் வேலை. அளவைக் கூட்டவும் குறைக்கவும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதை வைத்தே இங்கே மதிப்பிடுகிறோம்.

அந்தக் கணக்கில் சிரிப்பு வாயுவுக்கு, அதாவது நைட்ரஸ் ஆக்சைடுக்கு, முதல் இடம். 1844 டிசம்பரில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் இதை இழுத்துக்கொண்டு தன் பல்லையே பிடுங்க வைத்தார். அன்று வெறும் வாயு. இன்று ஆக்சிஜனோடு கலந்துதான் தருகிறார்கள், நல்ல இயந்திரம் ஆக்சிஜனை 30 சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாது. மூக்கு மாஸ்க்கைப் பொருத்தியதும் முதலில் முழு ஆக்சிஜன், பெரியவருக்கு நிமிடத்துக்கு 5 முதல் 6 லிட்டர். பிறகு 10 சதவீதம் நைட்ரஸ், ஒரு நிமிடம் பொறுத்து இன்னொரு 10. பெரும்பாலானோருக்கு 30, 40 சதவீதமே போதும். விரல் நுனி குறுகுறுக்கும், கால் கனக்கும், இறுகியிருந்த தோள் தானாக இறங்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வரும். முடிந்ததும் 5 நிமிடம் மறுபடி முழு ஆக்சிஜன். நேரமில்லை என்று இந்த 5 நிமிடத்தை வெட்டினால் தலைவலியும் குமட்டலுமாகத்தான் எழுந்திருக்க வேண்டும்.

இயந்திரத்தில் தொங்கும் ரப்பர் பையைக் கவனியுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் அது சற்றே சுருங்கி மறுபடி உப்ப வேண்டும். அசையாமல் நின்றால் நோயாளி வாயால் மூச்சு விடுகிறார், அல்லது மாஸ்க் ஓரத்தில் கசிகிறது. பை வற்றி ஒட்டிப்போனால் ஓட்டம் போதவில்லை. அழுகிற குழந்தையிடம் இந்த வாயு தோற்பதும் இதனால்தான். அழுகை வாய்வழி மூச்சு, வாயு போவதோ மூக்குவழி. சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் அன்றைக்கு வேண்டாம், தேதியை மாற்றுவதே நல்லது. வயிறு முட்டச் சாப்பிட்டு வந்தாலும், அளவு 50 சதவீதத்தைத் தாண்டினாலும் வாந்தி வரும். திறந்திருந்த வாய் அடிக்கடி தானாக மூடிக்கொண்டால் அளவு கூடிவிட்டது என்று பொருள், உடனே குறைக்க வேண்டும்.

யாரும் கேட்காத ஒரு கேள்வி பி12. நைட்ரஸ் அந்த வைட்டமினைச் செயலிழக்கச் செய்யும். சுத்த சைவம் சாப்பிடுபவர்கள், சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்கள், காரணம் தெரியாமல் கால் மதமதப்பு உள்ளவர்கள் இதை டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்திலும், காது அறுவை சிகிச்சை முடிந்த கையோடும் இந்த வாயு கூடாது.

கிளினிக் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று. நைட்ரஸ் சிலிண்டருக்குள் திரவமாக இருக்கிறது. திரவம் தீரும்வரை அழுத்தமானி முள் ஒரே இடத்தில் நிற்கும், பிறகு சரசரவென்று இறங்கும். முள்ளை நம்பி வேர் சிகிச்சையைத் தொடங்கி நடுவில் வாயு தீர்ந்துபோவது இப்படித்தான். சிலிண்டரை எடை போட்டுப் பாருங்கள்.

மாத்திரை பார்க்க எளிது, எங்கள் கணக்கில் கடைசி. முந்தின இரவு தூங்க, பதற்றத்தைத் தணிக்கும் அல்பிரசோலம் மாத்திரை ஒன்று என்றால் சரி. சிகிச்சைக்கே அதை நம்பினால், விழுங்கியதைத் திரும்ப எடுக்க முடியாது, வேலை செய்யவில்லை என்று இன்னொன்று கொடுத்தால் இரண்டும் சேர்ந்து ஏறும். குழந்தைகளுக்கு வாய்வழி தரும் மிடாசோலம் என்ற தூக்க மருந்துக்கும் இதே குறை. கிலோவுக்கு 0.3 முதல் 0.5 மி.கி. கொடுத்து 20, 30 நிமிடம் காத்திருக்க வேண்டும், பாதியைத் துப்பிவிட்டால் எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் போன்ற மருந்துகள் உடம்பில் இருந்தால் இதன் வீரியம் கூடும். அதைவிடக் கவலை தருவது மரத்துப்போகும் ஊசி. அதில் உள்ள லிக்னோகெய்ன் மருந்துக்கு உச்ச அளவு கிலோவுக்கு 4.4 மி.கி. என்று கணக்கிட்டால், 15 கிலோ குழந்தைக்கு 2 சதவீத மருந்தில் 3.3 மி.லி.தான். அளவு மீறினாலும் தூங்கி வழிகிற குழந்தை ‘உதடு என்னமோ செய்யுது’ என்று சொல்லாது. அதனால் எடை பார்க்காமல் மருந்தை எடுக்கும் இடத்தில் குழந்தையை உட்கார வைக்காதீர்கள்.

எலும்புக்குள் புதைந்த ஞானப்பல்லுக்கும், நாற்காலியைக் கண்டாலே வியர்த்துப்போகும் பெரியவர்களுக்கும் நரம்பு வழி மிடாசோலம் அருமையான சேவை. 1 மி.கி. மெதுவாகச் செலுத்தி, 2 நிமிடம் பார்த்து, பேச்சு குழறத் தொடங்கும்வரை சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். வயதானவர்களுக்கு இன்னும் குறைவு, இன்னும் நிதானம். நடந்தது பெரும்பாலும் நினைவில் இருக்காது. சொன்ன அறிவுரையும் மறந்துபோகும் என்பதால் அதை எழுதி, கூட வந்தவர் கையில் கொடுக்க வேண்டும். பல் எடுப்பவரே மயக்கத்தையும் பார்த்துக்கொள்கிறார் என்றால் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் மட்டும் போதாது. ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றாலும் சிறிது நேரம் அது 99 என்றே காட்டும். மூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃப் முதலிலேயே சொல்லிவிடும். முறிமருந்தான ஃப்ளூமாசெனில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதன் வேகம் மிடாசோலத்துக்கு முன்பே தீர்ந்துவிடும் என்பதால், அதைப் போட்டவரை உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

முழு மயக்கம் ஆஸ்பத்திரியில், மயக்க மருந்து டாக்டர் கையில் மட்டும். வாய் நிறையச் சொத்தையுள்ள மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரே அமர்வில் எல்லாம் முடியும்.

நரம்பு ஊசிக்கும் முழு மயக்கத்துக்கும் முன் திட உணவு 6 மணி நேரம், தண்ணீர் 2 மணி நேரம் நிறுத்த வேண்டும். வாயு வாங்கிய பெரியவர் கால் மணி நேரத்தில் தெளிந்து, டாக்டர் சரி என்றதும் கிளம்பலாம். மாத்திரையோ ஊசியோ என்றால் 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது, கையெழுத்துப் போடும் வேலையும் வேண்டாம். குழந்தையை டூவீலரில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோகாதீர்கள். தூக்கத்தில் தலை முன்னால் சரிந்தால் மூச்சுவழி மடங்கும். காரோ ஆட்டோவோ பிடித்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து, வீடு போய்ச் சேரும்வரை தாடையை நிமிர்த்திப் பிடித்திருக்க வேண்டும்.