காசு கட்டி ஸ்பெயினில் ட்ரையல்ஸ்: எங்கள் வீட்டில் நடந்தது

வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் பிள்ளைகளைப் பந்து ஆட அனுப்புகிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். ஸ்பெயின் கிளப்பில் ட்ரையல்ஸ், அதாவது ஆட வைத்துப் பார்த்து ஆள் எடுப்பது, என்று நம்பி, போன வருடம் என் அக்கா மகன் விஷயத்தில் நாலரை லட்சம் விட்டோம்.

பையனுக்கு அப்போது 17 வயது. லெஃப்ட் விங்கில் ஆடுவான். ஒரு டோர்னமென்ட் முடிந்ததும் டிராக்சூட் போட்ட ஒருவர் அவன் கோச்சிடம் வந்து பேசினார். ஐரோப்பிய கிளப்புகளுக்கு ஆள் பார்க்கும் ஸ்கௌட்டாம். "ஆசியாவில் திறமைக்கா பஞ்சம்? பார்க்கத்தான் ஆள் இல்லை" என்றார். அதில் பொய் இல்லை. அதனால்தான் விழுந்தோம். இந்திய கோல்கீப்பர் குர்பிரீத் சிங் நார்வேக்குப் போனதையும், கொரியாவின் சன் ஹியுங் மின் 16 வயதிலேயே ஜெர்மனிக்குப் போனதையும் மனப்பாடமாகச் சொன்னார்.

அப்புறம் ஒரு வாடகை டர்ஃபில் செலக்‌ஷன். தலைக்கு 1,500 ரூபாய், நூறு பையன்களுக்கு மேல் வந்திருந்தார்கள். இவனுக்குக் கிடைத்தது 20 நிமிடம். பந்து காலுக்கு வந்ததே நாலைந்து தடவைதான். மறுநாள் சாயந்திரம் வாட்ஸ்அப்பில் 'செலக்டட்' என்று வந்துவிட்டது. நாலு தடவை பந்தைத் தொட்டவனை ஸ்பெயினுக்கா எடுப்பார்கள் என்று எனக்கு உறுத்தியது. ஆனால் அக்கா அதற்குள் தெருவுக்கே சொல்லிவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை.

ஸ்பெயின் கிளப் ஒன்றிலிருந்து அழைப்புக் கடிதம் பிடிஎஃப்பாக வந்தது. கிளப் சின்னம் பக்கவாட்டில் இழுபட்டு, ஓரமெல்லாம் மங்கிக் கிடந்தது. கையெழுத்துக்குக் கீழே பெயர் கிடையாது, 'மேனேஜர்' என்று மட்டும். அக்கா சங்கிலியை அடகு வைத்தாள். மீதிக்கு நான் வட்டிக்கு வாங்கினேன்.

டூரிஸ்ட் விசாவில் 15 நாள். வலென்சியாவுக்கு வெளியே ஒரு ஃபிளாட்டில் 11 பையன்கள். நேபாளம், வங்கதேசத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். தினமும் காலையில் ஒரு வாடகை மைதானத்தில் இவர்களுக்குள்ளேயே ஆட்டம். கடைசியில் உள்ளூர் அணி ஒன்றோடு ஒரு மேட்ச். எதிரணியில் பாதிப் பேருக்குத் தொப்பையாம். "மாமா, எங்களைப் பார்க்கன்னு ஒருத்தர்கூட வரல மாமா" என்று போனில் சொன்னான். கடிதத்தில் இருந்த கிளப்பின் கேட் வரைக்கும் கூட்டிப்போய், கடையில் வாங்கிய ஜெர்சியை மாட்டிவிட்டு, ஒவ்வொருவரையும் போட்டோ மட்டும் எடுத்தார்களாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோதுதான் ரசீதை ஒழுங்காகப் படித்தேன். 'பயிற்சி முகாம் மற்றும் அனுபவப் பயணம்' என்று இருந்தது. ட்ரையல்ஸ் என்ற வார்த்தையே இல்லை. ஸ்டேஷனில், "கூட்டிட்டுப் போய் பத்திரமா கூட்டிட்டு வந்திருக்காங்களே சார்" என்றார்கள். சரிதானே, என்ன பதில் சொல்வது?

பிறகு உட்கார்ந்து தேடினேன். உலகக் கால்பந்தை நிர்வகிக்கும் ஃபிஃபாவின் வீரர் மாற்ற விதிகளில் 19ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. 18 வயது ஆகாதவனை வேறு நாட்டு கிளப் பதிவு செய்யவே முடியாது. விதிவிலக்குகள் உண்டு, பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டில் குடியேறியிருந்தால் சேர்க்கலாம், ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 16 வயது தாண்டியவர்கள் மாறலாம். எங்கள் பையனுக்கு எதுவும் பொருந்தாது. ஜப்பானின் டகேஃபுசா குபோ சின்ன வயதிலேயே பார்சிலோனா அகாடமியில் இருந்தவர். இந்த விதியை மீறியதாக 2014இல் ஃபிஃபா அந்த கிளப்பைத் தண்டித்தது. ஆட முடியாமல் போனதால் 2015இல் அவர் ஜப்பானுக்கே திரும்பினார். 2019இல் 18 வயது முடிந்த பிறகுதான் ரியல் மாட்ரிட் எடுத்தது. குபோவுக்கே அந்தக் கதி. எங்கள் பையன் மெஸ்ஸி மாதிரி ஆடியிருந்தாலும் அந்த 15 நாளில் அங்கே யாரும் கையெழுத்து வாங்கியிருக்க முடியாது.

அந்த ஆள் சொன்ன உதாரணங்களையும் பார்த்தேன். குர்பிரீத் 2014இல் நார்வேயின் ஸ்டாபெக்குக்குப் போனபோது 22 வயது, அதற்கு முன்பே கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கிளப்புக்கு ஆடியவர். சன்னை 2008இல் ஹாம்பர்க்குக்கு அனுப்பியது கொரியக் கால்பந்துச் சங்கத்தின் திட்டம். டிராக்சூட் ஆசாமி யாரும் அனுப்பவில்லை.

2023இலிருந்து, வீரருக்காக கிளப்போடு ஒப்பந்தம் பேசும் ஏஜென்ட் வேலை பார்க்க ஃபிஃபா தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பெயரை ஃபிஃபா தளத்திலேயே தேடலாம். அவர்களுக்கான கமிஷன் என்பது பொதுவாக ஒப்பந்தத்தில் வரும் சம்பளத்தில் ஒரு குறிப்பிட்ட பங்கு. மைனர் பையனுக்கு தொழில்முறை ஒப்பந்தமே ஆகவில்லை என்றால் அதுவும் கிடையாது. இதை அந்த டிராக்சூட் ஆளிடம் கேட்டேன். "நான் ஏஜென்ட் இல்லை சார், ஸ்கௌட்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் நாலரை லட்சம்.

போன வாரம் கோச் ஒரு போஸ்டரை அனுப்பினார். வேறு ஊர், வேறு பெயரில் அகாடமி, செலக்‌ஷன் கட்டணம் இப்போது 2,000. நடுவில் கேட் முன்னால் ஜெர்சியோடு சிரிப்பது எங்கள் பையன். கீழே பெரிய எழுத்தில், 'ஸ்பெயின் கிளப்புக்குத் தேர்வானவர்'.