கிரேட் சர்கிள் மேப்பர்: கணக்கு சரி, ஆனால் எதன் கணக்கு?

இரு விமான நிலையங்களுக்கு இடையிலான தூரத்தைச் சொல்லும் இணையதளங்கள் எத்தனையோ உண்டு. நம்பி எடுத்தாள ஒன்று வேண்டுமென்றால் கிரேட் சர்கிள் மேப்பர்தான். தோற்றம் ரொம்பப் பழசு. அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளை இடையில் சிறுகோடிட்டுத் தட்டினால் போதும். சிங்கப்பூர் சாங்கிக்கு எஸ்ஐஎன் (SIN), நியூயார்க்கை ஒட்டிய நுவார்க்குக்கு இடபிள்யூஆர் (EWR). விடை 9,534 மைல். இது 1.609 கி.மீ. கொண்ட தரை மைல். விமானிகளின் கடல் மைல் 1.852 கி.மீ. இரண்டையும் குழப்பினால் 15 சதவீதம் பிசகும். ஆகவே முதல் வேலையாக அலகை மாற்றிவிடுங்கள்: 15,344 கி.மீ. இடையில் இறங்கும் ஊர் இருந்தால் சிறுகோட்டுடன் தொடரலாம். தனித்தனித் தடங்களென்றால் காற்புள்ளி.

இதையே எக்செல்லில், அட்சரேகை தீர்க்கரேகைகளிலிருந்து தூரம் காணும் ஹாவர்சைன் சூத்திரத்தால், பூமியின் ஆரம் 6,371 கி.மீ. என்று வைத்துப் போட்டால் சுமார் 9 கி.மீ. குறைவாக வரும். சூத்திரத்துக்குப் பூமி சரியான உருண்டை. தளமோ துருவங்களில் தட்டையான வடிவத்தை வைத்துக் கணக்கிடுகிறது. 9 கி.மீ. ஒரு பொருட்டல்ல. கவிழ்ப்பது கழித்தல் குறிதான். நுவார்க்கின் தீர்க்கரேகை மேற்கு 74.17 பாகை. மைனஸ் போட மறந்தால் ஊர் கிர்கிஸ்தானுக்குப் போய்விடும், விடையும் சுமார் 5,300 கி.மீ.யாகச் சுருங்கும். பாகையை, எக்செல் எதிர்பார்க்கும் கோண அலகான ரேடியனாக மாற்றாமல் விட்டாலும் விடை குப்பைதான்.

வரைபடத்தில் கோடு வட துருவத்துக்கு 250 கி.மீ.க்குள் போகிறது. ஆனால் 2018 அக்டோபரில் சிங்கப்பூர்-நுவார்க் இடைநில்லாச் சேவையை மீண்டும் தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சொன்ன தூரம் சுமார் 16,700 கி.மீ. ஏறத்தாழ 1,350 கி.மீ. கூடுதல்! தளத்தின் தவறல்ல இது. தளம் அளப்பது பூமிமேல் உள்ள மிகக் குறுகிய கோட்டை. விமானம் போவதோ காற்று உதவும் வழியில். பசிபிக்குக்கு மேலே உயரத்தில் கிழக்கு நோக்கி வேகமாக வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளும்போது, நீண்ட வழியே சீக்கிரமாகிவிடும். மூடிய வான்பரப்பு, அவசரத்துக்கு இறங்க நிலையம் என்று மற்றக் காரணங்களும் உண்டு.

விமானத்தின் எட்டும் தூரத்தை வட்டமாக வரையும் வசதிதான் தளத்திலேயே சிறந்தது. தூரம், அலகு, @ குறி, நிலையக் குறியீடு, அவ்வளவே. இந்தத் தடத்துக்கு வாங்கிய, மிக நீண்ட தூரம் பறக்கும் ஏர்பஸ் ஏ350-900யூஎல்ஆர் விமானத்துக்கு 9,700 கடல் மைல் கொடுத்துப் பாருங்கள். ஆனால் அந்த வட்டத்துக்குக் காற்று தெரியாது. விளிம்பை ஒட்டிய ஊர்களை எட்டும் என்று எழுதிவிடாதீர்கள்.

ஊர்களை ஒப்பிட இந்தத் தளம் ஒன்றே போதும். எரிபொருளோ நேரமோ கணக்கிட வேண்டுமானால், அதே விமானம் அண்மையில் பறந்த தடங்களை, விமானங்களைப் பின்தொடரும் ஃபிளைட்அவேர் தளத்தில் எடுங்கள். போக ஒன்று, வர ஒன்று என்று தனியாக.