காரணம் சொல்ல முடியாத உள்ளுணர்வு: ஒதுக்குவதா, எடைபோடுவதா?

நாம் மதிக்கும் ஒருவர் "இது சரியாக வராது" என்று சொல்லிவிட்டு, ஏன் என்று கேட்டால் விளக்கத் தெரியாமல் நிற்கும்போது, நமக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. காரணம் கிடைக்கும்வரை அந்தச் சொல்லைக் கணக்கில் சேர்க்காமல் இருப்பது ஒன்று. அந்தச் சொல்லையே ஒரு தகவலாகக் கொண்டு, சொன்னவர் யார் என்பதற்கேற்ப நம் எண்ணத்தைச் சற்று நகர்த்திக்கொள்வது மற்றொன்று. சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீட்டை வாங்குவதா விடுவதா என்று தடுமாறியபோது, நானும் என் மனைவியும் இவ்விரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. நாங்கள் தேர்ந்தெடுத்தது இரண்டாவது வழியை. இன்றும் நான் அதன் பக்கமே நிற்கிறேன்.

முதல் வழியின் சிறப்பை நீட்டிச் சொல்லத் தேவையில்லை. அது வதந்தியையும் அச்சத்தையும் வாசலிலேயே நிறுத்திவிடும். வாடகைக்கு ஆள் பார்ப்பது, வேலைக்கு ஆள் எடுப்பது போன்ற இடங்களில், "அவரைப் பார்த்தால் சரியாகப் படவில்லை" என்ற சொல்லுக்குள் இனத்தையோ நிறத்தையோ பற்றிய முன்முடிவு ஒளிந்திருக்கக்கூடும் என்பதால், அங்கே காரணம் கேட்டே ஆக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை.

ஆனால் காரணம் கேட்பதாலேயே உண்மை வெளிவந்துவிடும் என்று கொள்ள முடியாது. உளவியலாளர்கள் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோத்தி வில்சனும் 1977இல் வெளியிட்ட ஆய்வில், வேறுபாடே இல்லாத 4 ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று மக்களிடம் கேட்டதை விவரித்திருக்கிறார்கள். வலக்கோடியில் இருந்ததையே பலர் தேர்ந்தெடுத்தார்கள். ஏன் என்று கேட்டபோது, அது வைக்கப்பட்டிருந்த இடத்தை ஒருவர்கூடத் தாமாகக் காரணமாகச் சொல்லவில்லை. வற்புறுத்திக் கேட்டால் மனிதர்கள் ஏதேனும் ஒரு காரணத்தைத் தந்துவிடுகிறார்கள். அதுதான் அவர்களை இயக்கிய காரணம் என்பதற்கு உறுதி கிடையாது. காரணத்தை மட்டும் மதிப்பவர், நன்றாகப் பேசத் தெரிந்தவருக்கு அதிக எடையும், நன்றாகப் பார்க்கத் தெரிந்தும் பேச வராதவருக்குக் குறைந்த எடையும் கொடுத்துவிடுகிறார்.

இரண்டாவது வழிக்கு மருத்துவமனையிலேயே முன்மாதிரி உண்டு. சிட்னியின் லிவர்பூல் மருத்துவமனையில் 1990இல் தொடங்கிய அவசர மருத்துவக் குழு முறையில், இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு போன்ற அளவுகளோடு, நோயாளியைக் குறித்துப் பணியாளருக்குக் கவலை ஏற்படுவதும் குழுவை அழைப்பதற்குப் போதுமான காரணமாகக் கொள்ளப்பட்டது. தாதிக்குத் தம் கவலையை விளக்கத் தெரியாவிட்டாலும் அந்தக் கவலை கணக்கில் வந்தது.

அப்படியானால் யாருடைய உள்ளுணர்வுக்கு எடை தருவது? இந்த ஒப்பீட்டின் முடிவே இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் உள்ளுணர்வைப் பற்றி எதிரெதிர் நோக்கு உடையவர்களாக இருந்தும், 2009இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இரண்டு நிபந்தனைகளில் ஒன்றுபட்டார்கள்: அந்தத் துறையில் நிலையான ஒழுங்கு இருக்க வேண்டும்; தம் கணிப்பு சரியா தவறா என்பது கணித்தவருக்குத் தெரியவந்து, அதிலிருந்து அவர் கற்க வாய்ப்பு இருந்திருக்க வேண்டும். சொல்பவருக்கு இருக்கும் உறுதியை மட்டும் அவர்கள் சான்றாக ஏற்கவில்லை.

அந்த வீட்டைப் பார்த்த என் சித்தப்பா, "இது வேண்டாம்பா, என்னவோ சரியாப் படல" என்றார். அதற்கு மேல் அவரால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவர் வாழ்நாள் முழுவதும் வீட்டுப் புதுப்பிப்பு வேலை செய்தவர். ஒரு கழிவறைக்குள் நுழைந்ததும் தரைக்கடியில் நீர் கசிகிறதா என்று அவர் மனம் ஏதோ ஒன்றை ஊகிக்கும். சில நாளில் ஓடுகளை உடைத்ததும் விடை தெரிந்துவிடும். அவர் பிழைப்பு முழுவதும் ஊகமும் விடையுமாகவே நடந்திருக்கிறது. திருமணப் பேச்சுகளில் "இந்தப் பையன் வேண்டாம்" என்று சொல்லும் பெரியம்மாவுக்கு இந்த வாய்ப்பு இல்லை. வேண்டாம் என்று விட்ட பையன் பிறகு எப்படி வாழ்ந்தான் என்பதை யாரும் போய்ப் பார்ப்பதில்லை. இருவருக்கும் அனுபவம் நீண்டதுதான், அன்பும் குறைவில்லாததுதான். ஆனால் சித்தப்பாவின் ஊகம் திருத்தப்பட்டுக்கொண்டே வந்தது, பெரியம்மாவுடையது திருத்தப்பட வழியே இருக்கவில்லை.

எவ்வளவு நகர்வது என்பதில் நமக்கு இயல்பாகவே ஒரு சாய்வு உண்டு. இலான் யானிவ், எலி கிளைன்பெர்கர் இருவரின் 2000ஆம் ஆண்டு ஆய்வு, மக்கள் பிறருடைய ஆலோசனையைவிடத் தம் கருத்துக்கே கூடுதல் எடை தருகிறார்கள் என்று காட்டியது. தம் காரணங்கள் தமக்குத் தெரியும், பிறருடையவை தெரியாது என்பதே ஆய்வாளர்கள் தரும் விளக்கம். வாயால் விளக்கப்படாத உள்ளுணர்வுக்கு இந்தக் குறைப்பு இன்னும் கடுமையாக விழும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதை அறிந்தே, என் மனம் விரும்பியதைவிடச் சற்று அதிகமாகவே சித்தப்பாவின் பக்கம் நகர்ந்தேன். வீட்டை வாங்கும் உரிமையை நமக்கு ஒதுக்கிவைத்து விற்பவர் தரும் பத்திரம் 21 நாள் செல்லும். அதற்காகக் கொடுக்கும் முன்பணம் 1,000 வெள்ளியைத் தாண்டாது. பல ஆண்டுக் கடனோடு ஒப்பிட்டால் அந்தப் பணத்தை இழப்பது சிறிது என்பதால், பாதி நம்பிக்கையே விலகுவதற்குப் போதுமாக இருந்தது; விலகினோம்.

என் மைத்துனரும் அந்த வீடு வேண்டாம் என்றார். ஆனால் சித்தப்பா பேசியதைக் கேட்ட பிறகே சொன்னார் என்பதால், அதை இரண்டாவது சான்றாக நாங்கள் எண்ணவில்லை. இருவரையும் தனித்தனியே கேட்டிருந்தால் மட்டுமே அந்த ஒற்றுமைக்குப் பொருள் இருந்திருக்கும்.

சித்தப்பாவின் ஊகம் சரிதானா என்பது எனக்குத் தெரியாது. வாங்காத வீட்டின் தரையை யாரும் எங்களுக்காக உடைத்துக் காட்டப் போவதில்லை. ஆகவே இந்த ஒரு முடிவை வைத்து இரண்டாவது வழி வென்றது என்று நான் வாதிட முடியாது. வீடு, இயந்திரம், உடல்நலம் போன்றவற்றில் அந்த வழியை உறுதியாகப் பரிந்துரைப்பேன். பங்குச் சந்தை, பிள்ளைகளின் படிப்புத் துறை போன்று விடை தெரிய நெடுங்காலம் ஆகும் விஷயங்களில், யாருடைய உள்ளுணர்வு திருத்தப்பட்டு வந்தது என்று பிரித்தறியும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. அங்கே இப்போதைக்குக் காரணம் கேட்பவர்களோடு சேர்ந்துகொள்கிறேன்.