சுடுதண்ணீருக்குச் சோலர் கட்டுப்படியாகுமா?

நல்லூர்த் திருவிழாவுக்கு யாழ்ப்பாணம் வரப்போகும் தங்கச்சி கனடாவிலிருந்து போனில் சொன்னாள்: "சும்மா கிடக்கிற வெயில்தானே அண்ணா, கூரையில ஒரு சோலர் ஹீற்றரைப் பூட்டுங்கோவன்." வெயில் சும்மாதான். மற்றதெல்லாம் காசு.

தாங்கித் தண்ணீர் 28 பாகை என்று வையுங்கள். 20 லீற்றர் வாளியை 40 பாகைக்கு ஏற்ற ஏறக்குறைய 0.28 யூனிற் கரண்ட் போதும். அம்மாவும் அப்பாவும் ஆளுக்கொரு வாளி என்றால் மாதம் 17 யூனிற். கணக்குக்காக யூனிற் 40 ரூபா, சோலர் ஹீற்றர் பைப்போடும் கூலியோடும் 2 இலட்சம் என்று போட்டுப் பார்த்தேன். மாதம் மிஞ்சுவது 680 ரூபா, முதல் திரும்பி வர 24 வருசம். தினமும் ஆறு பேர் சுடுதண்ணீரில் தோயும் வீட்டில் போட்ட 2 இலட்சமும் எட்டு வருசத்தில் திரும்பிவிடும். உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டு நீங்களே பாருங்கள். ஆனால் ஒன்று: மாதம் 60 யூனிற்றைத் தாண்டினால் முதல் யூனிற்றிலிருந்தே விலை மாறும். 50, 55 யூனிற்றில் நிற்கும் வீட்டுக்கு இந்த 17 யூனிற் பில்லையே புரட்டிப்போடும்.

இன்ஸ்ரன்ற் ஹீற்றர் வாங்கும்போது மலிவு, தண்ணீர் திறக்கும் நேரம் மட்டும்தான் கரண்ட் இழுக்கும். ஆனால் இழுக்கும்போது நன்றாகவே இழுக்கும். 5.5 கிலோவாற் என்றால் 24 அம்பியர். 30 அம்பியர் இணைப்புள்ள வீட்டில் அதே நேரம் கிணற்று மோட்டரும் ஸ்திரிக்கைப் பெட்டியும் ஓடினால் இருட்டுத்தான். 3.5 கிலோவாற் நம் ஊர்க் குளிருக்குத் தாராளம். தனி வயர், நல்ல ஏர்த், வேலை செய்யும் றிப் சுவிச், இந்த மூன்றிலும் மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

கேஸ் ஹீற்றரை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. பூட்டிய குளியலறைக்குள் அதன் புகை ஆளைக் கொல்லும், 2022 இல் சிலிண்டருக்கு நின்ற வரிசையும் இன்னும் மறக்கவில்லை.

சோலரிலேயே இரண்டு வகை. தட்டையான கண்ணாடிப் பெட்டிக்குள் செப்புக் குழாய்கள் ஓடுவது ஒன்று, கண்ணாடிக் குழல்கள் வரிசையாக நிற்பது மற்றது. கடையில் எது கூடச் சூடாக்கும் என்றுதான் சொல்வார்கள். இங்கே கேட்க வேண்டியது வேறு. உங்கள் கேத்திலின் அடியைப் பாருங்கள். அந்த வெள்ளைப் படை, நிலத்துக்கடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல் தண்ணீரில் கரைந்து வந்தது. தண்ணீர் சூடேறச் சூடேற அது கூடப் படியும். செப்புக் குழாய் ஒடுக்கம் என்பதால் அடைபடும், பிறகு கழற்றிக் கழுவ ஆளைப் பிடிக்க வேண்டும். குழல் வகையில் குழலை உருவிக் கழுவலாம், உடைந்தால் ஒன்றை மட்டும் மாற்றலாம். கல் படியும் கிணற்றுக்கு நான் குழல் வகையைத்தான் சொல்வேன்.

விலைச்சீட்டில் வராத செலவும் உண்டு. சாதாரண பிவிசி பைப் இந்தச் சூட்டைத் தாங்காது, சுடுதண்ணீர்ப் பைப் வேறு. தாங்கி ஹீற்றரைவிட உயரத்தில் நிற்க வேண்டும். பழைய ஓட்டு வீடுகளில் குளியலறை கிணற்றடியில் தனியாக இருக்கும். 20 மீற்றர் அரை அங்குலப் பைப்பில் மூன்று லீற்றரளவு ஆறிய தண்ணீர் நிற்கும். அதை ஊற்றிவிட்டுத்தான் சூடு வரும்.

அப்புறம், காலம். தைப் பனிக்குச் சோலர் நன்றாக வேலை செய்யும், பகலில் வெயில் இருக்கிறதே. கார்த்திகை மழையில் வானம் மூடிக் கிடந்தால், ஹீற்றருக்கு உள்ளே இருக்கும் கரண்ட் கொயிலைத்தான் போட வேண்டும். ஆவணியில் தங்கச்சி வந்து மத்தியானம் பைப்பைத் திறந்தால், ஹீற்றர் இல்லாமலே கை சுடும்.

அதனால் அந்தக் காசு கையில் இருந்தால் நான் கரண்ட் தரும் சோலர் பனலுக்குத்தான் போடுவேன். ஒரு கிலோவாற் நாளுக்கு நாலு யூனிற் அளவில் தரும், குளிக்காத நாளும் பிரிட்ஜுக்கும் மோட்டருக்கும் உதவும். விருந்தினர் விடுதி நடத்துபவர்களும் பெரிய குடும்பங்களும் தாராளமாகக் குழல் ஹீற்றருக்குப் போகலாம்.

எங்கள் வீட்டுக்கு 3.5 கிலோவாற் இன்ஸ்ரன்ற் ஒன்று வாங்கியாயிற்று. புதிய அறைக்குப் பிளேற் போடும்போது மட்டும் கூரைக்கு ஒரு சுடுதண்ணீர்ப் பைப்பை ஏற்றி, மூடி போட்டு விடச் சொல்லியிருக்கிறேன்.